மெல்ல நடக்கும் கதை

ஒரு நூலைப் படித்து முடித்தவரிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், 'நன்று' என்றோ 'நன்றன்று' என்றோ ஒரே சொல்லில் விடை வரும் என்று எதிர்பார்க்கிறோம். பள்ளித் தேர்வுகளில் நாங்கள் கேட்கும் வினாக்களும் பெரும்பாலும் ஒருமுகமானவையே. 'இந்நூலின் நயங்களைத் தொகுத்து எழுதுக' என்போம். 'இந்நூலைப் படிக்கையில் எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது? ஏன் வந்தது?' என்று கேட்கும் வினாத்தாளை முப்பத்தைந்து ஆண்டு ஆசிரிய வாழ்க்கையில் நான் கண்டதில்லை. நயத்தைக் கேட்டாலும் கொட்டாவியைக் கேட்டாலும் பக்கம் பக்கமாக விடை எழுதத்தக்க ஒரு நூலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

சூசன்னா கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்சும் திரு. நாரெல்லும்' என்பது அந்நூல். அது அவருடைய முதற் புதினம். அதனை எழுதி முடிக்க அவருக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. மூன்று பகுதிகள், 69 இயல்கள், ஏறத்தாழ 800 பக்கங்கள். 2005ஆம் ஆண்டில் ஹ்யூகோ பரிசையும் உலக மாயப்புனைவுப் பரிசையும் பெற்றது. ஓய்வுபெற்றவனுக்குப் பொழுதுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இதனைப் படித்து முடிக்க எனக்கு ஒன்றரைத் திங்கள் பிடித்தது. இடையில் இருமுறை மூடி வைத்தேன். இருமுறையும் நானே எழுந்து சென்று அதனை எடுத்தேன். இவ்விரண்டு செயல்களுக்கும் காரணம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுவதால்தான் இப்பேச்சு.

முதலில் கதையின் களத்தைச் சொல்லிவிடுகிறேன். நெப்போலியனோடு இங்கிலாந்து போரிட்டுக்கொண்டிருந்த காலம். கதை 1806ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தொடங்கி 1817இல் முடிகிறது. வெல்லிங்டன் வருகிறார், மனநோய்வாய்ப்பட்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வருகிறார், கவிஞர் பைரன் வருகிறார். இவர்களெல்லாம் வரலாற்று மாந்தர். இவர்களுக்கு நடுவே ஆசிரியை, வரலாற்றில் இல்லாத ஒன்றைத் துணிந்து வைக்கிறார். இடைக்காலத்தில் ஜான் அஸ்கிளாஸ் என்னும் மந்திர வேந்தன், அண்டங்காக்கை அரசன் என்று பெயர் பெற்றவன், இங்கிலாந்தின் வடபகுதியை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டானாம். அவன் மறைந்தபின் மந்திரமும் படிப்படியாக அந்நாட்டை விட்டு மறைந்துவிட்டதாம். இங்கிலாந்து அவ்வாறு பிரிந்து கிடந்ததும் இல்லை. அத்தகைய அரசன் இருந்ததும் இல்லை. மாணவர்கள் இதனைத் தேர்வுத் தாளில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இந்நூலைப் படிக்கும்போது அவ்வாறு எழுதிவிடத் தோன்றும் என்பது உண்மை.

யார்க் நகரில் மந்திரவாதிகளின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் மாதந்தோறும் மூன்றாம் புதன்கிழமை கூடி, மந்திரத்தின் வரலாற்றைப் பற்றி நீண்ட கட்டுரைகளைப் படிப்பார்கள். அவர்களுள் ஒருவரும் ஒரு மந்திரமும் செய்ததில்லை. பெரிய மனிதர்கள் மந்திரத்தை ஆராய்வார்களே அன்றிச் செய்யமாட்டார்கள் என்பது அவர்கள் கொள்கை. ஆசிரியர் மாநாடுகள் பலவற்றில் அமர்ந்திருந்தவன் ஆதலால் இவ்விடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அச்சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஜான் செகண்டஸ் என்னும் ஏழை அறிஞர் எழுந்து, இங்கிலாந்தில் இப்போது ஏன் மந்திரம் செய்யப்படுவதில்லை என்று எளிமையாகக் கேட்கிறார். கூட்டம் கலவரப்படுகிறது. அந்த ஒரு வினாவிலிருந்து 800 பக்கமும் கிளைக்கின்றன.

வினா முதல் இயலிலேயே எழுந்துவிடுகிறது. விடைதான் வரவேண்டிய வேகத்தில் வருவதில்லை. நூலின் பெயரில் முதலில் நிற்கும் ஜோனதன் ஸ்ட்ரேஞ்சு முதற் பகுதியின் பெரும்பாகத்தில் கண்ணில் படுவதே அரிது. அதுவரை நமக்குத் துணை திரு. நாரெல். அவர் மந்திரம் அறிந்தவர். ஆயின் வறண்ட உள்ளத்தவர், அச்சமுடையவர், பொறாமைக்காரர். நாட்டிலுள்ள மந்திர நூல்களையெல்லாம் விலைக்கு வாங்கித் தம் நூலகத்தில் பூட்டி வைத்துக்கொள்வார், பிறர் படித்துவிடக் கூடாதே என்பதற்காக. பள்ளிகள் சிலவற்றில் நூலக அலமாரியின் திறவுகோல் எவருடைய சட்டைப்பையிலோ ஓய்வெடுப்பதைக் கண்டவர்களுக்கு இவரை நன்கு விளங்கும். விளங்குவது வேறு, அன்பு கொள்வது வேறு. இருநூறு பக்கம் ஒருவரோடு நடக்க வேண்டுமானால் அவர்மீது சிறிதேனும் பற்று வேண்டும். நாரெல் அதற்கு இடம் தருவதில்லை.

இரண்டாவது குறை, போர்க்களத்தைப் பற்றியது. ஸ்ட்ரேஞ்சு இளைஞர், துணிவுள்ளவர், சற்றே பொறுப்பில்லாதவர். அவர் வந்தவுடன் கதைக்கு உயிர் வருகிறது. போர்ச்சுகல் நாட்டில் வெல்லிங்டனின் படையோடு அவரை அனுப்பும்போது நாமும் ஆவலோடு பின் செல்கிறோம். அங்கே அவர் படை நடப்பதற்குப் பாதைகளை மந்திரத்தால் அமைத்துத் தருகிறார். படை கடந்ததும் அப்பாதைகள் மறைகின்றன. இது மிக நல்ல கற்பனை. பெரும் படையின் முதல் தேவை உணவும் பாதையும் என்பதை அறிந்த ஒருவரின் கற்பனை. ஆயின் அதன்பின் ஒரு பணி, இன்னொரு பணி, மற்றுமொரு பணி என்று நிகழ்ச்சிகள் கோவைபோல் தொடர்கின்றன. அவற்றுள் இரண்டினை இடம் மாற்றி வைத்தாலும் கதைக்கு ஒன்றும் நேராது. ஒரு கதைப்பகுதி தேவையா இல்லையா என்று அறிய மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் சோதனை இதுதான்: அதனை எடுத்துவிடு, அல்லது இடம் மாற்று; பின்வருவது தடுமாறுகிறதா என்று பார். ஸ்பெயின், போர்ச்சுகல் இயல்கள் பலவற்றில் பின்வருவது தடுமாறவில்லை.

வாரந்தோறும் ஒவ்வோர் இயலாகத் தொடர்கதை படித்து வளர்ந்த கண் என்னுடையது. இயலின் கடைசி வரியில் ஒரு கத்தி மின்னும். யாருடைய கை என்று அறிய ஏழு நாள் காத்திருப்போம். கிளார்க்கின் இயல்கள் அவ்வாறு முடிவதில்லை. ஒரு விருந்து முடியும்; விருந்தினர் வண்டி ஏறுவர்; இயலும் முடியும். இது அறியாமையால் நேர்ந்ததன்று. அவர் எந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறாரோ அந்தக் காலத்துப் புதினங்களின் நடையிலேயே எழுதத் தீர்மானித்திருக்கிறார். ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் முதல் நாவல் 1811இலும், வால்ட்டர் ஸ்காட்டின் 'வேவர்லி' 1814இலும் வெளிவந்தன. இரண்டும் மும்மூன்று பகுதிகளாக வந்தவை. சந்தா நூலகங்கள் ஒரு பகுதியை ஒருவருக்கும் அடுத்ததை மற்றவருக்குமாகக் கடன் கொடுத்துப் பழகியதால், மூன்று பகுதி அமைப்பு அந்நாட்டில் 1894 வரை நிலைத்தது. 'வேவர்லி'யின் தொடக்க இயல்களைப் படித்தவர்கள் அறிவார்கள்: தலைவனின் குடும்பம், வளர்ப்பு, அவன் படித்த நூல்கள் என்று நடந்து நடந்துதான் ஸ்காட்லாந்தை அடைகிறோம். கிளார்க் சில சொற்களின் எழுத்துக்கூட்டலைக்கூட அக்காலத்து முறைப்படியே அமைத்திருக்கிறார். ஆகவே மெதுவாக நடப்பது அவருடைய வேடத்தின் ஒரு பகுதி. வேடம் பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக நடிகர் மேடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது பொருளன்று.

அடிக்குறிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 200 அடிக்குறிப்புகள்! இல்லாத நூல்களின் பெயர்கள், பிறவாத அறிஞர்களின் வாழ்க்கை, நடவாத வழக்குகளின் தீர்ப்பு. சில குறிப்புகள் இரண்டு மூன்று பக்கங்களுக்கு நீண்டு, மேலே உள்ள கதையை ஒரு கோடுபோல் ஒடுக்கிவிடுகின்றன. நாட்டிங்காம் ஊரின் மந்திரவாதி தன் மகளிடம் ஒப்படைத்துச் சென்ற ஒரு மோதிரத்தின் கதை அவ்வாறு பக்கத்தின் அடியில் கிடக்கிறது. மேலே நடப்பதைவிட அது சுவையானது. முதலில் எரிச்சலோடு கண்ணைக் கீழே இறக்கினேன். சில நாளில் புதுப் பக்கம் புரண்டதும் அடியில் சிறிய எழுத்து உண்டா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இதன் வேலை நுட்பமானது. கண்ணால் காணாத ஒன்றை நம்பச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. அதனைப் பேரொளியோடு திடுமெனக் காட்டி வியக்க வைப்பது ஒன்று. அதனைப் பற்றி நான்கு பேர் சலிப்போடு வழக்காடிக்கொண்டிருப்பதைக் காட்டுவது மற்றொன்று. அறிஞர்கள் சண்டையிடும் பொருள் இல்லாத பொருளாக இருக்க முடியாது என்று நம் மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. வரலாற்று நூல் எவ்வாறு நம்பிக்கையைப் பெறுகிறதோ, அவ்வாறே இப்பொய்யும் பெறுகிறது. அதற்குப் பக்கங்கள் தேவை; விரைவு உதவாது.

இவையெல்லாம் நடையைப் பற்றிய பேச்சு. இந்நூல் என்னை விடாமல் பிடித்ததற்குக் காரணம் வேறு. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மூன்றாம் இயலில், நாரெல் தம் திறமையை மெய்ப்பிக்க யார்க் பேராலயத்தின் கற்சிலைகளைப் பேச வைக்கிறார். நூலில் நாம் காணும் முதற் பெரிய மந்திரம் அதுதான். சிலைகள் என்ன பேசுகின்றன? இறைவனைப் பற்றியோ அரசர்களின் புகழைப் பற்றியோ முதலில் பேசவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில், கூந்தலில் பசுங்கொடி இலை சூடிய பெண்ணொருத்தியை ஓர் இளைஞன் அவ்வாலயத்திற்குள் கொன்றதையும், கற்களைத் தவிர வேறு சாட்சி இல்லாமையால் அவன் தண்டனையின்றித் தப்பியதையும் ஒரு கல் சொல்லிப் புலம்புகிறது. ஐந்நூறு ஆண்டுகள் வாயின்றி நின்ற சாட்சி! கேட்டுக்கொண்டிருக்கும் கனவான்களோ வியப்பிலும் அச்சத்திலும் திகைத்து நிற்கிறார்கள். அந்தப் பெண் யார் என்பது கதையின் பின்பகுதியில் எங்கும் ஆராயப்படுவதில்லை.

சில இயல்களுக்குப்பின் இரண்டாம் பெரிய மந்திரம் வருகிறது. சர் வால்ட்டர் போல் என்னும் அமைச்சருக்கு மணம் பேசப்பட்ட எம்மா என்னும் இளம்பெண் திருமணத்திற்குமுன் இறந்துவிடுகிறாள். அரசாங்கத்தின் ஆதரவைப் பெறத் துடிக்கும் நாரெல் அவளை உயிர்ப்பிக்க முனைகிறார். ஆங்கிலேயர் 'ஃபேரி' என்று அழைக்கும் மாய இனத்தாருள் ஒருவனை, பஞ்சுபோன்ற வெண்முடியுடைய கனவானை, வரவழைத்து ஓர் உடன்படிக்கை செய்கிறார்: எம்மாவின் வாழ்நாளில் பாதி அவனுக்கு. அவள் எழுந்து அமர்கிறாள். இலண்டன் மாநகரமே கொண்டாடுகிறது. அந்தப் பாதி எவ்வாறு கழிக்கப்படும் என்பதை நாரெல் ஆராயவில்லை. ஒவ்வோர் இரவும் அவள் அவனுடைய இருண்ட மாளிகைக்கு இழுக்கப்பட்டு, விடியும்வரை ஓயாது ஆட வேண்டும். பகலெல்லாம் சோர்ந்து கிடப்பாள். தன் துன்பத்தைச் சொல்ல வாய் திறந்தால், அவள் விரும்பாத ஏதோ பழங்கதை நாவில் வரும். அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று ஊர் முடிவு செய்கிறது.

அதே வீட்டின் தலைமைப் பணியாளர் ஸ்டீபன் பிளாக். அடிமையாக்கப்பட்ட கருப்பினப் பெண்ணுக்குக் கப்பலில் பிறந்தவர். பண்பும் அறிவும் உடையவர். அவரும் அம்மாயக் கனவானின் பிடியில் சிக்குகிறார். அவராலும் சொல்ல முடிவதில்லை. அவரைப் பொறுத்தவரை, மந்திரம் இல்லாதபோதும் அவர் சொல்லை யார் கேட்டிருப்பார்கள் என்ற ஐயம் கூடவே நிற்கிறது.

முதல் மந்திரம் வாயில்லாத கல்லுக்கு வாய் தந்தது. இரண்டாம் மந்திரம் வாயுள்ள பெண்ணின் வாயை அடைத்தது. இரண்டையும் செய்தவர் ஒருவரே. இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் நூலின் மெதுவான நடை எனக்கு வேறாகத் தெரிந்தது. எம்மா இரவுதோறும் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்த அந்நிலையில் கதை அவளை விட்டுவிட்டுப் போர்ச்சுகலுக்குப் போய்விடுகிறது. ஆடவர்கள் போர் புரிகிறார்கள். அமைச்சர்கள் கடிதம் எழுதுகிறார்கள். மந்திரத்தின் பெருமையைப் பற்றி இதழ்கள் நடத்துகிறார்கள். 'அந்தப் பெண் என்ன ஆனாள்?' என்று நாம் பொறுமையிழந்து பக்கங்களைத் தள்ளுகிறோம். நூறு பக்கம் போகிறது, இருநூறு போகிறது. அவ்வப்போது ஒரு வாயில் திறந்து, வெளிறிய அவள் முகம் தெரிந்து, மூடிக்கொள்கிறது. கணவனுக்கு அரசாங்க வேலை. நாரெலுக்குத் தம் நற்பெயரைப் பற்றிய அச்சம். ஒருவருக்கும் நேரமில்லை. விரைவாக நடக்கும் கதையாக இருந்தால் இருபது பக்கத்தில் ஒரு வீரன் வந்து அவளை மீட்டிருப்பான்; நாமும் கைதட்டிவிட்டு மறந்திருப்போம். காத்திருத்தல் எவ்வளவு நீளமானது என்பதைக் காத்திருக்க வைத்தே உணர்த்துகிறது இந்நூல்.

பிற்பகுதியில் எம்மாவை யார்க்ஷயரில் ஒரு வீட்டிற்கு அனுப்புகிறார்கள். சித்தம் கலங்கியோரைப் பேணும் அவ்வீட்டை நடத்துபவர், முதல் இயலில் அந்த எளிய வினாவைக் கேட்ட ஜான் செகண்டஸ். யார்க் சங்கத்தார் அனைவரும் நாரெலுக்கு அஞ்சி, இனி மந்திரவாதி என்று சொல்லிக்கொள்வதில்லை என்று கையெழுத்திட்டபோது, மறுத்து நின்ற ஒரே மனிதரும் அவரே. எல்லோரும் வெறும் பிதற்றல் என்று தள்ளிய இடத்தில், அவர் அவள் வாயருகே ஒரு ரோசா மலர் இருப்பதைக் காண்கிறார். அது வாய்ப்பூட்டு என்பதை உணரத் தலைப்படுகிறார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் மறைந்திருந்தவர் மீண்டும் வந்து, பிறர் காணாததைக் காண்கிறார். இடைப்பட்ட தொலைவு இல்லாவிடில் இந்தச் சந்திப்புக்கு இத்தனை கனம் இராது. அதன்பின் என்ன நேர்ந்தது என்பதை நான் சொல்லமாட்டேன். மூன்றாம் பகுதி தானாகவே விரையும். அங்கே எவருக்கும் தூண்டுகோல் வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னபின், என் மனக்குறைகள் கரைந்துவிட்டன என்று நீங்கள் கருதலாம். கரையவில்லை. ஒருவரைக் காத்திருக்க வைப்பவர், அந்தக் காத்திருப்பைத் தக்க பொருளால் நிரப்ப வேண்டும். எம்மாவின் மௌனத்தைப் பற்றிய ஒரு நூல், அவள் உள்ளத்திற்குள் நம்மை இன்னும் சில பக்கங்கள் இருக்க விட்டிருக்கலாம். வாய்தான் கட்டுண்டது, எண்ணம் கட்டுப்படவில்லையே. ஸ்டீபனின் உள்ளத்திற்குள் ஆசிரியை பலமுறை செல்கிறார். எம்மாவின் உள்ளத்தை வெளியே நின்றே காட்டுகிறார். ஸ்ட்ரேஞ்சின் மனைவி அராபெல்லாவுக்கும் இதே நிலை. அவள் நல்லவள், நகைச்சுவை உணர்வுள்ளவள் என்று அறிகிறோம். கணவனைத் துயரத்தில் ஆழ்த்துவதற்காகவே அவள் படைக்கப்பட்டாளோ என்று ஐயுறவும் செய்கிறோம். போர்க்கள இயல்களில் ஐந்தாறைச் சுருக்கி, அந்த இடத்தை இவ்விரு பெண்களுக்குத் தந்திருந்தால் நூலின் எடை ஒரு பலமும் கூடியிராது. சமுதாயம் அவர்களைப் புறக்கணித்தது என்பதைக் காட்ட வந்த நூலே சிற்சில இடங்களில் அவர்களைப் புறக்கணிக்கிறது. இது நோக்கமா, சோர்வா என்று பிரித்தறிவது எளிதன்று.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 2015இல் இக்கதையை ஏழு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வெளியிட்டது. 800 பக்கத்தை ஏழில் அடக்க வேண்டுமாயின் விரைவு வேண்டும். இருநூறு அடிக்குறிப்புகளுக்கு அங்கே திண்ணை ஏது? நூலைப் படிக்க அஞ்சுவோர் அதனைப் பார்க்கலாம். கல்லூரி மாணவர்களுக்கு நான் சொல்வது, நூலையே எடுங்கள் என்பதுதான். நாளொன்றுக்கு இரண்டு இயல்களுக்கு மேல் வேண்டாம். போர்க்களத்தில் அலுப்புத் தட்டினால் கூச்சமின்றி விரைந்து புரட்டுங்கள். அடியில் சிறிய எழுத்துகள் தென்பட்டால் மட்டும் நின்று படியுங்கள். என் படியில் அந்தப் பகுதியின் தாள்கள் இன்னும் கசங்காமல் புதியனவாகவே இருக்கின்றன. யார்க் ஆலயத்துக் கல் பேசும் மூன்றாம் இயல் மட்டும் தையல் விட்டுத் தனியே வந்துவிட்டது.